நோய் வந்தபின் ஐந்து இலட்சம், வருமுன் எவ்வளவு?



சென்ற ஆண்டு என் சாச்சிக்குக் கருப்பை வாயில் புற்றுநோய் என்று மருத்துவர் சொன்ன நாளில், அண்ணனூரில் உள்ள எங்கள் வீட்டில் சாச்சி நோயை எண்ணி அழுதார். சாச்சா பணத்தை எண்ணி அழுதார். முப்பதாண்டுகள் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறைகளில் வேலை பார்த்து, கண்பார்வை மங்கி வீட்டோடு இருப்பவர் அவர். அவருடைய கவலையை ஒரு நெகிழி அட்டை தீர்த்து வைத்தது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை. கதிர்வீச்சு, மருந்து, படுக்கை எதற்கும் எவரும் அவரிடம் பணம் கேட்கவில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

சிகிச்சை முடியும் தறுவாயில் அந்த மருத்துவர் ஒரு கேள்வி கேட்டார். வீட்டில் பெண் பிள்ளைகள் இருக்கிறார்களா, அவர்களுக்குத் தடுப்பூசி போட்டாயிற்றா என்று. சாச்சியின் பேத்திக்கு வயது 15. சாச்சா உடனே சட்டைப் பையிலிருந்து அதே அட்டையை எடுத்து நீட்டினார். மருத்துவர் தலையை மட்டும் அசைத்தார். அந்த அட்டை நோய்க்கு உரியது. தடுப்பூசிக்கு உரியது அன்று. வெளியில் போட்டுக்கொள்வதாயின், இந்தியாவிலேயே தயாராகும் எச்.பி.வி. தடுப்பூசி தவணை ஒன்றுக்கு ஏறத்தாழ 2,000 ரூபாய். ஒன்பது முதல் பதினான்கு வயது வரை இரண்டு தவணைகள் போதும். பதினைந்தைத் தொட்டுவிட்டால் மூன்று. ஆக, சில மாதங்கள் பிந்திய குற்றத்திற்காக அந்தப் பிள்ளையின் கணக்கு 6,000 ரூபாய் ஆகிவிட்டது.

அன்றிலிருந்து என் மனத்தை ஒரு கேள்வி அரித்துக்கொண்டிருக்கிறது. நோய் வந்தபின் ஐந்து இலட்சம் வரை கொடுக்க முன்வரும் ஓர் ஏற்பாடு, அந்நோய் வராமலிருக்க ஆறாயிரம் ரூபாயைக் கொடுக்க ஏன் வழி வைக்கவில்லை?

நன்றி மறந்து இதை எழுதவில்லை. 2009 சூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 சனவரியில் பெயரும் வடிவமும் மாறி, 2018-இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்த இந்தக் காப்பீடு, நம் மஹல்லாக்களில் எத்தனையோ குடும்பங்களைக் கடனிலிருந்து காத்திருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகாத குடும்பம் ஆண்டொன்றுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். ஆயினும் திட்டத்தின் உயிர்நாடி, மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சையே. சில பரிசோதனைகளும் அதில் அடங்கும். நலமாக இருக்கும் மனிதர் நலமாகவே நீடிப்பதற்கான செலவுக்கு அதில் இடமில்லை.

தனியார் பாலிசிகளின் நிலையும் இதுவே. உங்கள் வீட்டில் பாலிசி இருந்தால், கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்தில் உள்ள விலக்குகளைப் படித்துப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் தடுப்பூசிச் செலவு விலக்கப்பட்டிருக்கும். விலங்கு கடித்தபின் போடும் ஊசிக்கு மட்டும் விதிவிலக்கு இருக்கும். நாய் கடித்தால் காப்பீடு உண்டு, நிமோனியா கடிப்பதற்கு முன் இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்தின் மீதான 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. நீக்கப்பட்டது. நல்ல செய்திதான். பிரீமியம் குறைந்தது, விலக்குப் பட்டியல் குறையவில்லை.

நோய்த்தடுப்புக்குச் சட்டம் அறவே சலுகை தரவில்லை என்றும் சொல்வதற்கில்லை. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 80டி பிரிவு, நோய்த்தடுப்பு உடற்பரிசோதனைக்காகச் செலவிட்டதில் 5,000 ரூபாய் வரை கழித்துக்கொள்ள அனுமதித்தது. யாருக்கு? வரி கட்டுகிறவருக்கு, அதிலும் பழைய வரிமுறையைத் தேர்ந்தவருக்கு. பட்டறையில் நாட்கூலி பெறும் சாச்சாவின் மகனுக்கு இதனால் என்ன பயன்?

இனி, அரசு இலவசமாகவே அளிக்கும் தடுப்பூசிகளைப் பற்றி. காசநோய், இளம்பிள்ளைவாதம், தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், தட்டம்மை, ரூபெல்லா, ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்கு என்று நீளும் இப்பட்டியலில் தமிழ்நாட்டிற்குப் பெருமை சேர்க்கும் செய்திகள் பல உண்டு. ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் ஊசி 2011 டிசம்பரில் நாட்டிலேயே முதலில் வந்தது தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான். எனினும் இலவசம் என்பது வேறு, கைக்கு எட்டுவது வேறு. இந்த வேறுபாட்டைத் தமிழ்நாட்டிற்குக் கற்பித்தது நம் திருவள்ளூர் மாவட்டமே.

2008 ஏப்ரல் 23, புதன்கிழமை. தமிழ்நாட்டில் புதன் என்றால் தடுப்பூசி நாள். அன்று இம்மாவட்டத்தின் கிராமப் பகுதிகளில் தட்டம்மைத் தடுப்பூசி போட்டுக்கொண்ட நான்கு குழந்தைகள் இறந்தனர். இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன். அந்தத் தாய்மாரின் துயரை எழுத எனக்குச் சொல் இல்லை. அதன்பின் மாநில அரசு ஒரு முடிவெடுத்தது: ஊருக்குள் சென்று ஊசி போடும் வழக்கத்தை நிறுத்தி, ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் மருத்துவமனைகளிலும் மருத்துவர் முன்னிலையில் மட்டுமே போடுவது என்று. அச்சம் சூழ்ந்த அவ்வேளையில் அம்முடிவைக் குறை கூற இயலாது. பாதுகாப்புக்காகவே அது எடுக்கப்பட்டது.

ஆனால் விளைவு என்ன? தேசியக் குடும்பநல ஆய்வின் கணக்கை எடுத்துப் பாருங்கள். 1998-99-இல் தமிழ்நாட்டில் முழுமையாகத் தடுப்பூசி பெற்ற குழந்தைகள் ஏறத்தாழ 89 விழுக்காடு. 2005-06-இல் 81. 2015-16-இல் 70. நாட்டிற்கே வழிகாட்டிய மாநிலம் பின்னுக்குச் சென்றது. சரிவு 2008-க்கு முன்பே தொடங்கிவிட்டதால், பழி முழுவதையும் அந்த ஓர் ஆணையின் மேல் போடுவது நியாயமன்று. ஆயினும் ஊசி ஊரை விட்டு நகர்ந்ததும் குழந்தைகள் விடுபட்டதில் வியப்பில்லை. பிறகு சேவை மீண்டும் மக்களை நோக்கி விரிந்தது. 2019-21 ஆய்வில் அளவு மறுபடியும் 89-ஐத் தொட்டது. அதே அரசு, அதே மருந்து. ஊசி போடும் இடம் எவ்வளவு தொலைவு என்பதும் ஒரு சட்டத்தைப் போன்றே குழந்தைகளின் விதியில் குறுக்கிடுகிறது.

அண்ணனூரில் இதை நாம் அன்றாடம் காணலாம். ரயில் பணிமனையை ஒட்டி வளர்ந்த இவ்வூரில் இன்று பாதிப்பேர் வாடகைக்குக் குடியிருப்போர். கணவர் காலை ஏழரை மணிக்கு அம்பத்தூருக்கோ ஆவடிக்கோ புறப்பட்டுவிடுவார். சிலர் வளைகுடாவில் இருப்பார்கள். புதன்கிழமை காலையில் கைக்குழந்தையோடு, மூத்த பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, ஷேர் ஆட்டோ பிடித்துச் சென்று வரிசையில் நிற்க வேண்டியவள் தனித்திருக்கும் தாய். அன்று குழந்தைக்குக் காய்ச்சலாக இருந்தால் இன்னொரு புதன். அவள் தானே வேலைக்குப் போகிறவளாக இருந்தால் ஒரு நாள் கூலி போயிற்று. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியின் ஒரு தவணையைக் குழந்தையின் தடுப்பூசியோடு அரசு பிணைத்திருப்பது இதனை உணர்ந்த ஒரு நல்ல யோசனை. ஆனால் கைக்கு வரும் காலத்தைவிடக் கூலி போகும் காலம் முந்தியது.

தீர்வு தொலைவில் இல்லை. 2023 சூன் மாதத்தில் 500 நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் தமிழ்நாட்டில் திறக்கப்பட்டன. அவை காலை 8 முதல் 12 வரையிலும் மாலை 4 முதல் 8 வரையிலும் இயங்குபவை. அந்த மாலை நேரத்தில், வாரத்தில் ஒரு நாளேனும், அதுவும் ஞாயிறன்று முடிந்தால் இன்னும் நலம், தடுப்பூசி போட ஆணையிட்டால் எத்தனையோ குடும்பங்களுக்குச் சிரமம் நீங்கும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வீட்டு வாசலுக்கே வந்ததை நாம் பார்த்தோம். வயதானவருக்கு வாசலுக்கு வரும் அரசு, கைக்குழந்தைக்காரியை மட்டும் வரிசையில் நிற்க வைப்பானேன்?

சட்டத்தின் பக்கம் வருவோம். நம் மாநிலத்தில் 1939-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. கொள்ளை நோய்க் காலத்தில் மக்களைக் கட்டுப்படுத்த அது அரசுக்குப் பேரதிகாரம் தருகிறது. 2021 நவம்பரில், பொது இடங்களுக்கு வருவோர் கொரோனாத் தடுப்பூசி செலுத்தியிருக்க வேண்டும் என்ற ஆணை இச்சட்டத்தைக் கொண்டே பிறப்பிக்கப்பட்டது. பின்னர் 2022 மே 2 அன்று, ஜேக்கப் புலியேல் வழக்கில் உச்சநீதிமன்றம், எவரையும் வற்புறுத்தித் தடுப்பூசி போட முடியாது என்றும், தன் உடலின் மேல் மனிதனுக்குள்ள உரிமை அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவில் அடங்கும் என்றும் தீர்ப்பளித்தது. நியாயமான பொதுநலக் கட்டுப்பாடுகளை அரசு விதிக்கலாம் என்பதையும் அதே தீர்ப்பு ஏற்றுக்கொண்டது.

இவ்விவாதத்தில் ஒரு பாதி மட்டுமே பேசப்பட்டது என்பது என் எண்ணம். தடுப்பூசியை மறுக்கும் உரிமை பற்றி வழக்காடினோம். தடுப்பூசியைக் கேட்டுப் பெறும் உரிமை எந்தச் சட்டத்தில் இருக்கிறது? நம் குழந்தைகளுக்குக் கிடைப்பதெல்லாம் திட்டத்தின்படி கிடைப்பது, அரசாணையின்படி கிடைப்பது. நிதிநிலை மாறினால் அதுவும் மாறலாம். இராஜஸ்தான் 2023 மார்ச்சில் மருத்துவ நல உரிமைச் சட்டம் ஒன்றை இயற்றியது. மருத்துவர்களின் எதிர்ப்புக்கிடையே, குறைகளோடு பிறந்த சட்டம் என்றாலும் கேட்பதற்கு மக்களுக்கு ஒரு பிடி கிடைத்தது. மருத்துவத்தில் தன்னை முன்னோடியாகக் கருதும் தமிழ்நாட்டில் அப்படியொரு சட்டம் இல்லை.

எச்.பி.வி. தடுப்பூசியே இதற்குச் சான்று. 2025 மார்ச்சில் மாநில நிதிநிலை அறிக்கை, 14 வயதுச் சிறுமியர்க்குப் படிப்படியாக இதனை இலவசமாகப் போடுவதாக அறிவித்து 36 கோடி ரூபாய் ஒதுக்கியது. மனமார வரவேற்கிறேன். சிக்கிம் 2018-இலேயே பள்ளிகளின் வழியாக இதைச் செய்து காட்டியது. ஆனால் 14 வயது என்று கோடு கிழித்த மாத்திரத்தில் எங்கள் வீட்டுப் பேத்தி கோட்டுக்கு அப்பால் நின்றாள். இத்தகைய இடைவெளியை நிரப்புவதற்கன்றோ காப்பீடு? அரசுத் திட்டத்தில் வயதால் விடுபட்டவர்க்கு, அதே காப்பீட்டு அட்டையின் மூலம் தடுப்பூசியும், முப்பது வயது கடந்த பெண்களுக்குக் கருப்பை வாய்ப் பரிசோதனையும் கிடைக்கும் என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

அமெரிக்காவில் பிள்ளைகளை வைத்திருக்கும் சகோதரர்கள் இதை நன்கு அறிவர். அங்கு 2010-ஆம் ஆண்டுச் சட்டம், வல்லுநர் குழு பரிந்துரைக்கும் தடுப்பூசிகளுக்குப் பயனாளியிடம் பணம் பெறாமல் காப்பீட்டு நிறுவனமே செலவேற்க வேண்டும் என்றது. 2025 சூனில் அக்குழுவின் 17 உறுப்பினர்களும் ஒரே நாளில் நீக்கப்பட்டதும், கலிபோர்னியா போன்ற மாநிலங்கள் தம் மக்களுக்கு அந்த உரிமை போய்விடாதிருக்கத் தனிச் சட்டம் இயற்ற விரைந்தன. அங்கே இருந்ததைக் காக்கப் போராட்டம். இங்கே அப்படி ஒன்று கேட்கத்தக்கது என்பதே இன்னும் நம் செவிக்கு எட்டவில்லை.

அரசை மட்டும் கேட்டுவிட்டு நம் வீட்டைக் கேளாமல் விடுவது நேர்மையாகாது. 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லாத் தடுப்பூசி இயக்கம் தமிழ்நாட்டில் தொடங்கியபோது, வாட்ஸ்அப்பில் வந்த வதந்திகளை நம்பிப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாத வீடுகள் நம் தெருக்களில் இருந்தன. பிற சமூகத்தாரும் அஞ்சினர் என்பது உண்மை. ஆனால் குழந்தை பிறக்காமல் செய்யும் ஊசி என்ற பொய் நம்மவரிடையே ஆழமாக வேரூன்றியது. ஐயத்திற்குக் காரணமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். 2011-இல் பாகிஸ்தானின் அபோட்டாபாத்தில் தடுப்பூசி முகாம் என்ற பெயரில் அமெரிக்க உளவுத்துறை ஆள் தேடியது. 2009-இல் ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் தொடங்கிய எச்.பி.வி. ஊசி ஆய்வில், பெற்றோரின் ஒப்புதலுக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்கள் கையொப்பமிட்டதை நாடாளுமன்றக் குழு கண்டித்தது. ஏமாற்றியவர்கள் நம்பிக்கையைக் கெடுத்தார்கள். அதற்காக நம் பிள்ளைகள் ஏன் தண்டனை பெற வேண்டும்?

ஹலால் பற்றிய கேள்வியும் எழுவது இயல்பு, எழவும் வேண்டும். சில தடுப்பூசிகளில் பன்றியிலிருந்து பெறப்படும் ஜெலட்டின் சேர்க்கப்படுகிறது. 1995-இல் குவைத்தில் கூடிய மார்க்க அறிஞர்களும் மருத்துவர்களும், தன் இயல்பு முற்றிலும் மாறிவிட்ட பொருளின் சட்டமும் மாறும் என்ற ஃபிக்ஹு விதியின் அடிப்படையில் இதற்கு இசைவளித்தனர். 2018-இல் இந்தோனேசிய உலமா சபை வேறு வழியில் சென்றது. நம் நாட்டின் சீரம் நிறுவனம் தயாரித்த தட்டம்மை-ரூபெல்லா ஊசியில் விலக்கப்பட்ட பொருள் உண்டு என்று கூறி, ஆயினும் நிர்ப்பந்தம் கருதி அனுமதிக்கப்பட்டது என ஃபத்வா அளித்தது. மக்களில் பலர் முதல் பாதியை மட்டும் கேட்டனர். ஆச்சே மாகாணத்தில் தடுப்பூசி அளவு சரிந்தது. 2022 நவம்பரில் அங்கே ஒரு குழந்தையின் கால் இளம்பிள்ளைவாதத்தால் முடங்கியபோது, உலகச் செய்தித்தாள்கள் அதன் பின்னணியைத் தேடின.

இதே நாம் ஹஜ்ஜுக்குப் புறப்படும்போது ஊசிக்கு ஒரு சொல்லும் மறுத்துப் பேசுவதில்லை. 2000, 2001 ஆண்டுகளில் ஹாஜிகளிடையே மூளைக்காய்ச்சல் பரவி, அவர்கள் ஊர் திரும்பியபின் குடும்பத்தாரையும் தாக்கியது. அதற்குப் பின்னரே சவூதி அரசு நால்வகை மூளைக்காய்ச்சல் தடுப்பூசியைக் கட்டாயமாக்கியது. ஹஜ் கமிட்டி முகாமில் நாம் வரிசையாகக் கையை நீட்டுகிறோம். புனிதப் பயணத்திற்குப் பொருந்தும் நியாயம், மதரஸாவில் நெருக்கியடித்து அமர்ந்து ஓதும் பிள்ளைகளுக்குப் பொருந்தாதா? அம்வாஸ் கொள்ளை நோய்க் காலத்தில் ஷாம் நாட்டின் எல்லையான சர்கில் நின்று உமர் (ரலி) அவர்கள் திரும்பி வந்த வரலாறு நாம் சிறுவயதில் கேட்டதே. விதியிலிருந்து ஓடுவதா என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் கேட்டபோது அவர் தந்த விளக்கத்தையும் பள்ளிவாசல் பயான்களில் பலமுறை கேட்டிருக்கிறோம். மனித முயற்சியும் இறைவனின் ஏற்பாட்டுக்குள் அடங்கியதே என்பதை அதைவிடத் தெளிவாக நான் என்ன சொல்லிவிட முடியும்?

எச்.பி.வி. ஊசியைப் பொறுத்தவரை இன்னொரு தயக்கம் உண்டு. ஒழுக்கமாக வளரும் என் மகளுக்கு இது எதற்கு என்பார்கள். ஒழுக்கமாக வாழ்ந்தவர்தாம் என் சாச்சி. இவ்வைரசை ஒரு பெண் தன் நிக்காஹ் வாழ்வில் கணவரிடமிருந்தே, அவரும் அறியாமல், பெறக்கூடும். முஸ்லிம் நாடான மலேசியா 2010 முதல் பள்ளி மாணவியர்க்கு இதைப் போடுகிறது. அங்கே எவரும் தம் மகளின் மானம் போயிற்று என்று கருதவில்லை.

காப்பீடு ஹலாலா என்ற கேள்வியால் நம்மில் பலர் எந்தப் பாலிசியும் எடுப்பதில்லை. வட்டியும் நிச்சயமின்மையும் கலந்த வணிகக் காப்பீட்டை அறிஞர்கள் பலர் ஏற்கவில்லை. அந்தப் பேணுதலை நான் மதிக்கிறேன். மலேசியா 1984-இலேயே தகாஃபுலுக்கெனச் சட்டம் இயற்றிவிட்டது. நம் நாட்டில் அத்தகைய சட்டம் இல்லை. அதனால்தான் நமக்கு அரசுத் திட்டத்தின் ஒவ்வொரு வரியும் மற்றவர்களைவிட முக்கியமானதாகிறது. மாதம் 21,000 ரூபாய்க்குள் ஊதியம் பெறும் தொழிலாளிக்குரிய இ.எஸ்.ஐ., முதலமைச்சர் காப்பீடு இவ்விரண்டுமே நம் தெருவின் மருத்துவப் பாதுகாப்பு. இவற்றில் தடுப்புக்கு இடமில்லை என்றால் நம்மிடம் வேறு மாற்று இல்லை.

எங்கள் மஹல்லாவில் இதுபற்றிப் பேசினோம். பைத்துல்மாலிலிருந்து தடுப்பூசிக்குக் கொடுக்கலாமா என்று கேட்டபோது, ஜகாத் பணத்தை ஏழையின் கையில்தான் சேர்க்க வேண்டும், மருந்துக் கடையில் கட்டக்கூடாது என்று ஒருவர் சொன்னார். அது சரியான பேச்சே. எனவே ஜகாத்தைத் தொடாமல், பொதுச் சதகாவிலிருந்து 15 வயதைக் கடந்த ஏழைப் பெண்பிள்ளைகளுக்கு உதவுவது என்று முடிவாயிற்று. கூடவே ஆவடி மாநகராட்சிக்கு ஒரு விண்ணப்பம்: மாலை நேரத் தடுப்பூசி வேண்டும் என்று. மாநில அரசுக்கு ஒரு விண்ணப்பம்: காப்பீட்டில் தடுப்பூசி சேர வேண்டும் என்று. ஜும்ஆவுக்குப் பின் கையொப்பம் வாங்கினோம். பெண்கள் பகுதியிலிருந்து வந்த தாள்களில்தான் கையொப்பம் அதிகம். பதில் இன்னும் வரவில்லை. அருகிலுள்ள கோயில் தெருவிலும் தேவாலயத்திலும் இதே விண்ணப்பத்தைக் கொடுக்கலாம் என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். நோய்க்கு எந்தத் தெரு என்று தெரியாதாகையால் அதுவும் நல்லதே.

பேத்திக்கு முதல் தவணை போட்டாயிற்று. பைத்துல்மால் உதவி வேண்டாம், வேறு பிள்ளைக்குக் கொடுங்கள் என்று சாச்சா மறுத்துவிட்டார். இரண்டாம் தவணைக்குரிய 2,000 ரூபாய், சாச்சியின் மாத்திரை டப்பாவுக்குள், காப்பீட்டு அட்டைக்குக் கீழே ஓர் உறையில் இருக்கிறது. மூன்றாவதற்குச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்.